உப்புமாவா, ரவா தோசையா, ரவா இட்லியா?

வீட்டில் அரைத்த மாவு தீர்ந்துபோன காலையில் கை தானாக ரவை டப்பாவுக்குப் போகும். எடுத்த பிறகுதான் என்ன செய்வது என்ற குழப்பம். எது சீக்கிரம் ஆகும் என்று மட்டும் பார்த்தால் உப்புமாதான் எப்போதும் ஜெயிக்கும். எத்தனை பேர், எந்தெந்த நேரத்தில் சாப்பிடப் போகிறார்கள் என்று பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

உப்புமாவுக்கு ஒரே வாணலி, 20 நிமிடம். ரவையை நெய்யில் நிறம் மாறாமல் வாசம் வரும்வரை வறுத்து, கொதிக்கும் தண்ணீரில் ஒரு கையால் தூவி மறு கையால் கிளறினால் கட்டி தட்டாது. ருசியைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். ஒரு கப் ரவைக்கு 2 கப் ஊற்றினால் உதிரியாக வரும், 2½ கப் என்றால் குழைவாக வரும். உதிரி உப்புமா அடுப்பிலிருந்து இறக்கியதும் அருமை. ஒரு மணி நேரம் கழித்து வருபவருக்கு அது தண்டனை. ரவையில் உள்ள மாவுச்சத்து ஆற ஆற இறுகிக்கொண்டே போகும். உப்புமாவை வெறுப்பவர்களில் பாதிப் பேர் ஆறிப்போனதைச் சாப்பிட்டு வெறுத்தவர்கள் என்பது என் சந்தேகம்.

தாமதமாகச் சாப்பிடுபவர்கள் இருந்தால் தண்ணீரை 3 கப் ஆக்கி, நெய்யையும் கொஞ்சம் கூட்ட வேண்டும். அவ்வளவு தூரம் போன பிறகு கேரட், பட்டாணி, தக்காளி, மஞ்சள்தூள் சேர்த்துக் கிச்சடியாகவே செய்துவிடலாம். காய் நறுக்கும் நேரம்தான் கூடுதல். உப்புமா என்றால் முகம் சுளிப்பவர்கள் கிச்சடி என்றால் இன்னொரு கரண்டி கேட்பார்கள். அந்த அரசியல் நமக்கு வேண்டாம்.

ருசியில் எனக்கு ரவா தோசைதான் முதலிடம். வேலைநாள் காலைக்கு மட்டும் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். ரவையும் அரிசி மாவும் அரை அரை கப், மைதா கால் கப், மிளகு, சீரகம், இஞ்சி, பச்சை மிளகாய். மோர் போல நீர்க்கக் கரைத்து 20 நிமிடம் ஊறவைத்தால் மாவு தயார். சிக்கல் அதற்குப் பிறகு. நன்றாகக் காய்ந்த கல்லில் ஓரத்திலிருந்து தெளித்தாற்போல ஊற்ற வேண்டும். கரண்டியால் தேய்க்கக் கூடாது. ரவை அடியில் தங்கிவிடுவதால் ஒவ்வொரு தடவையும் கலக்கியே ஊற்ற வேண்டும். ஒரு தோசை முறுகலாக வர 3, 4 நிமிடம் ஆகும். நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் அரை மணி நேரம் அடுப்படியிலேயே நிற்க வேண்டியதுதான். ஒருவர் இருவர் உள்ள வீட்டுக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ சரி. டப்பாவில் கட்டிக் கொடுத்தால் துவண்டுபோகும்.

டப்பாவுக்கு ரவா இட்லி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி கிடைக்காமல் போனபோது ரவையை வைத்து இதை உருவாக்கியதாக பெங்களூரு மாவள்ளி டிபன் ரூம் உணவகத்தார் சொல்வார்கள். கடுகு, கடலைப்பருப்பு, முந்திரி தாளித்து, அதிலேயே ரவையை வறுத்து ஆறவிட்டு, தயிரும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் ஊறவைக்க வேண்டும். ரவை தண்ணீரைக் குடித்துக் கெட்டியாகியிருக்கும். மறுபடி கொஞ்சம் விட்டுத் தளர்த்திக்கொள்ளுங்கள். ஈனோவோ ஆப்ப சோடாவோ கடைசியில்தான் சேர வேண்டும். தயிரின் புளிப்போடு சேர்ந்து சோடா நுரைத்து எழும்பும்போதே தட்டு ஆவிக்குப் போய்விட வேண்டும். காத்திருந்தால் காற்று போய் இட்லி தட்டையாகிவிடும். இரண்டு ஈடு வேக வேண்டுமென்றால் மாவைப் பிரித்து, அந்தந்த ஈட்டுக்கு அப்போது சோடா போடுங்கள். 12 நிமிடத்தில் வெந்துவிடும். வேகும்போது நாம் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, மதியம்வரை மென்மையாகவும் இருக்கும்.

தொட்டுக்கொள்ள என்ன என்பதையும் நேரக் கணக்கில் சேர்க்க வேண்டும். தோசைக்குச் சட்னி இல்லாமல் முடியாது. ரவா இட்லி தாளிப்பின் புண்ணியத்தில் இட்லிப் பொடியோடு ஒப்பேறிவிடும். உப்புமாவுக்குச் சர்க்கரையோ வாழைப்பழமோ போதும். அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காரும் வீட்டில் என் ஓட்டு உப்புமாவுக்கு, ஆளுக்கொரு நேரம் கிளம்பும் வீட்டில் ரவா இட்லிக்கு.