ஹட்டனில் வாங்கிய மடக்கு அடுப்பும் ஆறு கம்பிகளும்

மகளின் பிறந்தநாளுக்காக ஹட்டன் டவுனில் ஒரு மடக்கு பாபிகியூ அடுப்பு வாங்கினேன். கூடவே ஆறு எவர்சில்வர் கம்பிகள். அந்தக் கம்பிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தட்டையானவை. உருண்டைக் கம்பியைத் திருப்பினால் கம்பி மட்டும் சுழலும், வெந்த பக்கமே மறுபடி நெருப்பில் கிடக்கும். இதில் ஒரு துண்டுகூட அசையவில்லை.

எலும்பில்லாத கோழித் தொடையை அங்குலத் துண்டுகளாக வெட்டி, தயிர், மிளகுத்தூள், இஞ்சி பூண்டு, தேசிக்காய்ப்புளி சேர்த்து 2 மணிநேரம் ஊறவைத்தேன். கறிமிளகாய், லீக்ஸ் தனிக் கம்பியில். அவை சீக்கிரம் வெந்துவிடும், கோழியோடு கோத்தால் கருகும்.

வெளியே மழை. நாலாபக்கமும் காற்றோடும் இஸ்தோப்பில் (வராந்தாவில்) அடுப்பை வைத்தோம். சிரட்டைக்கரி வெள்ளையாகச் சாம்பல் பூத்த பிறகே கம்பிகளை அடுக்கினேன். கொழுப்பு சொட்டி 'சுர்' என்றதும் பிள்ளைகள் சுற்றி வந்துவிட்டார்கள். அம்மா மட்டும் ஒரு துண்டைப் பிய்த்து, உள்ளே சிவப்பில்லை என்று பார்த்த பிறகே வாயில் வைத்தார்.

குறை ஒன்று: ஒரு காலின் ஆணி முதல் நாளே தளர்ந்தது. கடையில் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். வாங்கும்போதே விரித்து ஆட்டிப் பாருங்கள். மூங்கில் குச்சிதான் கிடைத்ததென்றால் அரை மணிநேரம் தண்ணீரில் ஊறப்போட்ட பிறகு துண்டுகளைக் கோத்துக்கொள்ளுங்கள்.