மாட்டுற பெடலும் மாட்டாத பெடலும்

சிங்கப்பூரின் உபின் தீவில் உள்ள கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவில் நான் முதன்முதலில் விழுந்தது இறக்கத்தில் இல்லை. மேட்டில் ஏறி முடித்து, தண்ணீர் குடிக்கலாம் என்று பிரேக் பிடித்தேன், அவ்வளவுதான். சைக்கிள் நின்றுவிட்டது, கால் மட்டும் பெடலை விட்டு வரவில்லை. வெட்டிய வாழைமரம் மாதிரி அப்படியே வலப்பக்கம் சாய்ந்தேன். பக்கத்தில் நின்ற சீன அங்கிள் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, "ஃபர்ஸ்ட் டே ஆ?" என்றார். ஆமாம், அன்றைக்குத்தான் கிளிப்லெஸ் பெடல் பூட்டியிருந்தேன்.

பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கிளிப்லெஸ் என்றால் காலை மாட்டிக்கொள்ளும் பெடல்தான். முன்பெல்லாம் பெடலில் ஒரு கூண்டும் வாரும் இருக்கும். பந்தயக்காரர்கள் அதற்குள் காலை நுழைத்து இழுத்துக் கட்டுவார்கள். அந்தக் கூண்டுதான் கிளிப். 1984இல் லுக் நிறுவனம் பனிச்சறுக்குக் காலணியை மாட்டுகிற முறையைப் பெடலுக்குக் கொண்டுவந்ததும் கூண்டு போய்விட்டது, 'கிளிப் இல்லாதது' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஷூவின் அடியில் பள்ளத்துக்குள் உட்கார்ந்து பெடலில் மாட்டும் சின்ன உலோகத் துண்டான கிளீட்டோடு ஷிமானோவின் எஸ்பிடி பெடல் 1990இல் வந்த பிறகுதான் மலைச் சைக்கிள்காரர்களுக்கு இறங்கி நடக்கவும் முடிந்தது.

நான் வாங்கியது ஷிமானோ எம்520. இரண்டு பக்கமும் மாட்டலாம், ஜோடி 380 கிராம். அறுபது வெள்ளிக்குப் பக்கத்தில் ஆனது. பெடலைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வேர்கள் குறுக்கே ஓடும் செஸ்ட்நட் பூங்காப் பாதையில் உட்கார்ந்தபடியே மிதித்துப் போகும்போது கால் இம்மியும் நகராது. நீண்ட மேட்டில், தொடை களைத்த பிறகும், கால் எங்கே இருக்கிறது என்று யோசிக்கவே வேண்டாம். அந்தச் சுகத்துக்குப் பழகிவிட்டால் விடுவது கஷ்டம்.

புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் செய்துகொள்ளுங்கள். பெடலோடு பெட்டியில் வரும் கறுப்புக் கிளீட் எஸ்எச்51, குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். வெள்ளி நிறத்தில் எஸ்எச்56 தனியாகக் கிடைக்கும். பதறிப்போய்க் காலை மேலே இழுத்தாலும் விட்டுவிடும். நான் முதலில் அதை வாங்கியிருந்தால் அந்த அங்கிளைச் சந்தித்திருக்க மாட்டேன். அடுத்தது, 3 எம்.எம். ஆலன் கீயால் ஸ்பிரிங் இறுக்கத்தை முழுக்கக் குறைத்துவிடுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: கிளீட்டைக் கண்ணால் பார்த்துக் கோணலாகப் பூட்டிவிட்டு மூன்று வாரம் இடது முழங்கால் வலியோடு அலைந்தேன். திருப்பி நேராக வைத்ததும் போனது.

பிரச்சினை தொடங்கியது நவம்பர் மழையில். உபின் செம்மண் ஈரமானால் மண் இல்லை, பசை. வழுக்கும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நாலு எட்டு வைத்தால் போதும், கிளீட்டைச் சுற்றியிருக்கும் பள்ளம் முழுக்க அடைத்துக்கொள்ளும். பிறகு மிதித்தாலும் உதைத்தாலும் 'டக்' சத்தம் வராது. முதுகுப்பையில் சாத்தே குச்சி ஒன்று வைத்திருந்தேன், மண்ணைத் தோண்ட. படகுத்துறைப் பலகையில் அந்த ஷூவோடு குதிரை மாதிரி டொக் டொக்கென்று நடந்து, ஒருமுறை சறுக்கி, ஏறவேண்டிய படகை விட்டேன். அடுத்த படகுக்கு 12 பேர் சேரும் வரை உட்கார்ந்திருந்தபோதுதான் பிளாட் பெடல் வாங்குவதென்று முடிவு செய்தேன்.

பிளாட் என்றால் சின்ன வயதில் ஓட்டிய சைக்கிளின் ரப்பர் பெடல் இல்லை. அகலமான நைலான் தட்டு, நடுவில் லேசான குழிவு, ஓரமெல்லாம் ஆணி மாதிரி பின்கள். நான் முதலில் செய்த தப்பு, அதன்மேல் சாதாரண ஓட்ட ஷூ போட்டது. கொழகொழவென்று மெத்தையாக இருக்கும் அடிப்பாகம் பெடலில் மடிந்தது. கல்மேட்டில் இறங்கும்போது கால் துள்ளி, பெடல் சுழன்று வந்து கணைக்காலில் அடித்தது. ஐந்து பின், ஐந்து ஓட்டை, அளந்து குத்தின மாதிரி வரிசையாக. வீட்டில் டெட்டால் போட்டுக்கொண்டே மனைவி, "ஏங்க, இதுக்கும் காசு குடுத்தீங்களா?" என்றாள்.

பிறகு ஃபைவ் டென் ஷூ வாங்கினேன். பாறை ஏறுபவர்களுக்குக் காலணி செய்து பெயர் வாங்கிய நிறுவனம் அது. தட்டையான ரப்பர் பின்களைக் கவ்விக்கொண்டது. காலைக் கொஞ்சம் நகர்த்தி வைக்க வேண்டுமென்றால் தூக்கித்தான் வைக்க வேண்டும், இழுத்தால் வராது. பிளாட் பெடலில் பாதிக் காசு ஷூவுக்கு என்று முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

எனக்குக் கூச்சமாக இருந்த விஷயம் வேறு. மரக்கட்டை தாண்டுவதில் நான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். பிளாட்டில் ஏறியதும் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பவே இல்லை. இத்தனை நாளும் மாட்டிய காலால் சைக்கிளைத் தூக்கியிருக்கிறேன், அவ்வளவுதான். கால்விரல் பக்கத்தைக் கீழே சாய்த்து, பாதத்தால் பெடலைப் பின்பக்கமாகத் தள்ளி எழுப்பப் பழக இரண்டு மாதம் ஆனது. ஆனால் பயம் போயிற்று. இறக்கத் திருப்பத்தில் உள்பக்கக் காலைச் சட்டென்று ஊன்றலாம் என்று தெரிந்ததும் முன்பு இறங்கி நடந்த இடத்திலெல்லாம் ஓட்டுகிறேன். பிளாட் கற்றுக்குட்டிகளுக்கு என்று சொல்பவர்களிடம் சாம் ஹில்லைப் பற்றிக் கேளுங்கள். 2017, 2018, 2019 மூன்று வருடமும் மலைச் சைக்கிள் பந்தயமான எண்டூரோ உலகத் தொடரை அவர் வென்றது பிளாட் பெடலில்தான்.

அதற்காகக் கிளிப்லெஸ் பெடலை விற்கவில்லை. காய்ந்த மாதங்களில் வீட்டிலிருந்து நாள் முழுக்க மிதிக்கிற திட்டம் என்றால் அதுதான். முதல் பெடல் வாங்குகிறவருக்கு மட்டும் பிளாட்டும் நல்ல ஷூவும் என்றே சொல்வேன். சனிக்கிழமை இரவு வானிலை பார்த்துவிட்டு மாற்றினால் பத்து நிமிட வேலை, 15 எம்.எம். ஸ்பேனர் போதும். இடது பெடல் மரை தலைகீழ் என்பதை நான் இன்னும் வாரம் தவறாமல் மறக்கிறேன்.