கேரம் கேம் செய்ய எது தேவலாம்: புது செலரானா, பழைய திங்க்பேடா?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் சாயங்காலமானால் கேரம் போர்டு வெளியே வந்துவிடும். அதை அப்படியே ஃபோனுக்குள் கொண்டுவர வேண்டும் என்று வேலை முடிந்த நேரத்தில் மட்டும் ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறேன், மூன்று வருஷமாக. கறுப்பு 9, வெள்ளை 9, ரெட் ஒன்று, ஸ்ட்ரைக்கர் ஒன்று. மொத்தமாக நகர்வது 20 பொருள். இதற்குப் போய் கிராஃபிக்ஸ் கார்டு போட்ட ஒன்றரை லட்சம் ரூபாய் லேப்டாப் எதற்கு? பையில் போட்டுக்கொண்டு மெட்ரோ ஏறலாம், மொட்டை மாடியில் மடியில் வைத்து வேலை பார்க்கலாம், கரண்ட் போனாலும் ஓடும் என்றால் எனக்குப் போதும்.

அப்படி இரண்டு மெஷினை மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். ஒன்று புதிதாக வாங்கிய, செலரான் என்4020 சிப் போட்ட லேப்டாப், 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே இருக்கிற மலிவான சேமிப்பு சிப்). இன்னொன்று ரிச்சி தெருவில் வாங்கிய பழைய திங்க்பேட் எக்ஸ்260, ஐ5-6200யூ, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. 2016இல் வந்த மாடல். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால்தான் இந்தக் குழப்பமே.

கரண்ட் விஷயத்தில் செலரான் கில்லி. சிப்பின் கணக்கே 6 வாட்தான், திங்க்பேடுக்கு 15. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்டை எடுத்து மதியம் 2 மணிக்குக் கொடுப்பார்களே, அந்த அஞ்சு மணி நேரத்தில் நாலரை மணி நேரத்தைச் செலரான் ஒரே சார்ஜில் ஓட்டிவிடும். என்னிடம் இருக்கிற செலரானில் ஃபேனும் கிடையாது. கடல் காற்றடிக்கிற ஏரியாவில் இது சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் ஃபேன் இருக்கிற மெஷின் உப்பையும் தூசியையும் சேர்த்து உள்ளே இழுக்கும். எர்ணாவூரில் இருக்கிற நண்பனின் பழைய லேப்டாப்பைத் திறந்தபோது ஹீட் சிங்க்கில் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி படிந்திருந்தது.

திங்க்பேடில் பேட்டரி இரண்டு: உள்ளே ஒன்று, பின்னால் கழற்றி மாட்டுகிற மாதிரி இன்னொன்று. வெளி பேட்டரி காலியானால் மெஷினை அணைக்காமலேயே கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம், அதுவரை உள் பேட்டரி தாங்கும். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? எனக்கு ஒரு கடையில் "புது பேட்டரி சார்" என்று கொடுத்தது நாற்பது நிமிஷம்கூட நிற்கவில்லை. திரும்பப் போனால் அப்படி ஒரு ஆளையே பார்த்ததில்லை என்கிற முகத்தோடு நின்றார். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் கடையிலேயே மெஷினை ஆன் செய்து, பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போது மிச்சமிருக்கிற கொள்ளளவையும் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

இதுவரைக்கும் செலரான் ஜெயிக்கிற மாதிரி இருக்கும். கேம் செய்கிற மென்பொருளான என்ஜினைத் திறந்தால்தான் கதை மாறும்.

யூனிட்டி என்கிற என்ஜின் பற்றிப் பேசவே வேண்டாம், அதை 64 ஜிபி இஎம்எம்சியில் போட்டால் கேமுக்கே இடமிருக்காது. நான் பயன்படுத்துவது கோடோ என்கிற என்ஜின். இலவசம், டவுன்லோடும் சிறிசு, இந்த இரண்டு மெஷினிலும் ஓடும். செலரானில் முதலில் கோடோ 3தான் போட்டேன். பறந்தது. பிறகு ஸ்கோர் பக்கத்தில் "கொஞ்சம் பொறு" என்று தமிழில் எழுதப் போனேன், கொம்பு எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. கோடோ 3க்கு இந்திய எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியாது. 2023 மார்ச்சில் வந்த கோடோ 4இல்தான் எழுத்துகளைக் கோத்துக் காட்டுகிற ஹார்ஃப்பஸ் சேர்ந்து தமிழ் ஒழுங்காக வந்தது. ஆக தமிழில் கேம் என்றால் கோடோ 4, அதற்குக் கிராஃபிக்ஸ் சிப்பில் குறைந்தபட்சம் ஓபன்ஜிஎல் 3.3 (திரையில் படம் வரைவதற்கான ஒரு தரநிலை) வேண்டும். 2011இன் திங்க்பேட் எக்ஸ்220ஐ மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். அதிலிருக்கிற எச்டி 3000 கிராஃபிக்ஸுக்கு விண்டோஸில் ஓபன்ஜிஎல் 3.1 வரைதான், லினக்ஸ் போட்டால்தான் 3.3.

செலரானில் கோடோ 4 திறக்கும், ஆனால் புராஜெக்ட் தொடங்கும்போதே படம் வரைகிற முறைகளில் கனமான ஃபார்வர்ட் பிளஸை விட்டுவிட்டு இலேசான கம்பாட்டிபிலிட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் எடிட்டரே திக்கும். அதுகூடப் பரவாயில்லை. உண்மையான இடி 4 ஜிபி ராம். எடிட்டர் திறந்திருக்கும்போது பிரவுசரில் ஒரு யூடியூப் பாடத்தையும் திறந்தால் மெஷின் மூச்சு வாங்கும், மவுஸ் அம்பு நகர்வதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ராம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டது, ஏற்றவும் முடியாது. பிரவுசரைத் திறக்காமல் எடிட்டருக்குள்ளேயே எஃப்1 அமுக்கி உதவிக் குறிப்பைப் படிக்கப் பழகிக்கொண்டேன், அதில் எனக்கு நல்லதுதான் நடந்தது என்றாலும் அது மெஷினின் பெருமை இல்லை. எக்ஸ்260இல் ராமுக்கு ஒரே ஸ்லாட்தான், ஆனால் அதில் 16 ஜிபி வரை போடலாம். பழைய சிப் என்பதால் விண்டோஸ் 11க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் அது இல்லை, விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. நான் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன், ஒரு தொல்லையும் இல்லை.

ஓட்டிப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுதான். வேகமாக அடித்தால் ஸ்ட்ரைக்கர் காயைத் தொடாமல் ஊடுருவிப் போய்க்கொண்டிருந்தது, பிசிக்ஸ் கணக்கை நொடிக்கு 60லிருந்து 240 ஆக ஏற்றினேன், சரியானது. வெறும் 20 பொருள் என்பதால் செலரான்கூட அசரவில்லை. இன்னொன்று, கேமை லேப்டாப்பில் ஓட்டாமல் யூஎஸ்பி வயரில் ஃபோனை மாட்டி நேராக அதில் ஓட்டுங்கள். மெஷினுக்குச் சுமை குறையும், விளையாடப் போகிறவர்கள் கையில் இருப்பதும் ஃபோன்தானே.

ராஸ்பெர்ரி பை 400 பற்றியும் கேட்பார்கள். கீபோர்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர், 4 ஜிபி ராம், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் திரையும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. வீட்டு டிவியில் மாட்டினால் சீரியல் நேரத்தில் நமக்கு இடமில்லை. கோடோ எடிட்டர் ஆண்ட்ராய்டுக்கும் இருக்கிறது, ஃபோனிலேயே கேம் செய்யலாம் என்றாலும் விரலால் கோட் அடித்தால் ஒரு வாரத்தில் கேம் செய்கிற ஆசையே போய்விடும்.

என்னைக் கேட்டால், தமிழ் எழுத்து வேண்டாம், டிக்-80 என்கிற குட்டி கேம் மென்பொருள் மாதிரி 240×136 புள்ளித் திரையில் சின்னச் சின்ன கேம் போதும் என்பவர்களுக்குச் செலரான் தாராளம். வீட்டில் ஏற்கெனவே ஒன்று கிடக்கிறதென்றால் காசை வேறெதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். கையைவிட்டுக் காசு போட்டு வாங்குவதென்றால் எக்ஸ்260, நல்ல வெளி பேட்டரியோடு. நான் அதில்தான் நிற்கிறேன். செலரானை அண்ணன் மகள் எடுத்துக்கொண்டாள், டிக்-80இல் பட்டம் விடுகிற கேம் ஒன்றை இரண்டே வாரத்தில் முடித்தும் விட்டாள். எனக்கு இன்னும் ரெட் போட்டால் ஃபாலோ போடுகிற விதி சரியாக வரவில்லை.