பூம்பாறை மகளிர் குழுக் கடை: பூண்டு வாங்கலாம், ஊறுகாய் வேண்டாம்

மகளுக்குப் பிரசவ லேகியம் கிண்ட மலைப்பூண்டு வேண்டியிருந்தது. கொடைக்கானல் மலையில் பூம்பாறை கிராமத்துக்குப் போகிற வழியில் மகளிர் சுயஉதவிக்குழு நடத்தும் சின்னக் கடையில் வாங்கினேன். பூண்டு அருமை. தாளோடு கட்டிப் புகையில் தொங்கவிட்டது. தோல் பழுப்பேறியிருக்கிறது, உரித்தால் விரல் பிசுபிசுக்கிறது, காரம் கண்ணைக் கரிக்கிறது. புகை போட்டால்தான் அடுத்த விதைப்புவரை கெடாதாம். 2019-ல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய சரக்கு என்கிற அரசு அங்கீகாரம், வாங்கிய சரக்கு. அதற்கு முயற்சி எடுத்தது கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம்தான்.

விலை, தேனிப் பக்கத்து வடுகபட்டிப் பூண்டுச் சந்தையைவிடக் கொஞ்சம் கூடுதல். பேரம் பேசினேன், பலிக்கவில்லை. “களை எடுத்தது, தரம் பிரிச்சது எல்லாம் நாங்கதாம்மா. சந்தையில ஏவாரி சொன்னதுதான் விலை, இங்க நாங்க சொல்றோம்” என்றார் கல்லாவில் இருந்த அக்கா. வாய் பேசாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். கணக்கும் ஜிபேயும் பார்ப்பது கல்லூரி முடித்த ஒரு பெண், நல்ல சூட்டிகை.

ஊறுகாய்தான் சரியில்லை. உப்பு தூக்கல், பாட்டிலில் தயாரித்த தேதியும் கிடையாது. சொன்னேன், முகம் சுளிக்காமல் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். சாயங்காலம் சீக்கிரமே கடையைச் சாத்திவிடுகிறார்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் மதியத்துக்குள் போய்விடுங்கள்.