சங்ககிரியா, நாமக்கல்லா?

சேலத்திலிருந்து ஒரே ஞாயிறில் கோட்டை பார்க்க வேண்டுமென்றால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். சேலம் நகரத்திலேயே கோட்டை என்றொரு பகுதி உண்டே என்பீர்கள். அங்கே பெயர்தான் மிச்சம்.

நாமக்கல் எளிது. ஊர் நடுவே சுமார் 75 மீட்டர் உயரப் பாறை, உச்சியைச் சுற்றி ஒரே மதில். கல் சுவர் மேல் செங்கல் கைப்பிடிச் சுவர், அதில் துப்பாக்கித் துளைகள். வில்லும் வேலும் போய் வெடிமருந்து வந்த காலம் அதிலேயே தெரியும். அடிவாரத்துக் குடைவரைக் கோயில்கள் கோட்டைக்குப் பல நூற்றாண்டு மூத்தவை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சங்ககிரி முட்டியைப் பதம் பார்க்கும். ஆனால் என் ஓட்டு அதற்குத்தான். அங்கே மதில் ஒன்றல்ல, அடுக்கடுக்காக ஏறுகிறது. விஜயநகரக் காலத்தில் தொடங்கிய கோட்டையில் திப்புவும் ஆங்கிலேயரும் தங்கள் பங்குக்குச் சேர்த்துக் கட்டினார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று கல் அடுக்கிய விதத்தைப் பாருங்கள், கை மாறியது புரியும். 1805இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டதும் இங்கேதான். ஆடிப்பெருக்கன்று மட்டும் போகாதீர்கள், அவர் நினைவுநாள் கூட்டத்தில் சுவரையே பார்க்க முடியாது. தண்ணீர் மறக்காதீர்கள், அப்புறம் காலை 7 மணிக்கே ஏறிவிடுங்கள்.