38,500 ரூபாயும் போயிற்று, அப்பாவின் பிளாக்கும் போயிற்று

முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். எழுதும்போதே கை பதறுகிறது. நேற்று மாலை வேறொரு பட்டறையில் ஒரு பெரியவர் என் வண்டியின் ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றி, பிஸ்டன் தலையில் படிந்திருந்த கரியைப் பழைய பனியன் துணியால் துடைத்து, "இங்கே பாருங்கள் தம்பி" என்றார். கரிக்கு அடியில் 1.00 என்று பொறித்திருந்தது. அப்போதிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடையின் பெயரைப் போட மாட்டேன். கோவைக்கு வெளியே, பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் போர்ட்டிங் (சிலிண்டர் துளைகளைத் தேய்த்துப் பலம் கூட்டும் வேலை) செய்து தரும் பட்டறை, அவ்வளவுதான் சொல்வேன்.

வண்டி 1991 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. அப்பா வாங்கியது. 98 சிசி, 50 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 50 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 11 குதிரைத்திறன். எடை நூறு கிலோ அளவுதான் என்பதால் அந்தக் காலத்தில் சிக்னலில் இதை முந்த ஆள் கிடையாது. 1996-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஒரு நல்ல பிளாக், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர், கிடைப்பது இன்று குதிரைக்கொம்பு. அப்பாவின் பிளாக் ஒருமுறைகூட ரீபோர் செய்யாதது, அதாவது குடைந்து பெரிதாக்காதது. ரிங் மட்டும் இரண்டு முறை மாற்றியிருக்கிறார்.

அப்படிப்பட்ட இன்ஜினில் எதற்குக் கை வைத்தாய் என்று கேட்பீர்கள். எதிர் வீட்டுக் கல்லூரிப் பையன் மின்சார ஸ்கூட்டர் வாங்கினான். ஒரே வாரத்தில் மூன்று நாள், அதே சிக்னலில், சத்தமே இல்லாமல் என்னைத் தாண்டிப் போனான். மூன்றாவது நாள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். 46 வயதில் வரக் கூடாத வீம்பு எனக்கு வந்துவிட்டது.

பட்டறைக்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர். உடனே பணம் கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பேன். அவர் கேட்கவில்லை. வண்டியை ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் சத்தத்தைக் கேட்டார். பிறகு அணைத்துவிட்டு, "அப்பா வண்டியா அண்ணா? அப்படியென்றால் இந்த பிளாக்கை நான் தொட மாட்டேன். கழற்றி, கிரீஸ் தடவி, கட்டிக் கொடுத்துவிடுகிறேன். பரணில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஸ்டாண்டர்டு பிளாக் வாங்கி அதில்தான் போர்ட்டிங் செய்வேன்" என்றார். நான் ஏமாந்து விழுந்தது அந்த இடத்தில்தான். என் அப்பாவின் பொருளை என்னைவிட அதிகமாக மதிக்கிற ஆள் கிடைத்தான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் வேறு பெருமையாகச் சொன்னேன்.

கணக்கைத் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். வேறு பிளாக் 9,500. போர்ட்டிங் 8,000. எக்ஸ்பான்ஷன் சைலன்சர் 8,000. பெரிய கார்புரேட்டர் 6,000. பிஸ்டன், ரிங், பேக்கிங் 3,000. கூலி 4,000. ஆக மொத்தம் 38,500. பில் என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். அதன் முன்பக்கத்தில் அன்றைய ராசிபலனில் என் ராசிக்கு 'வரவு' என்று போட்டிருக்கிறது.

ஆயுத பூஜைக்கு முன் தருவதாகச் சொன்ன வண்டி தீபாவளி கழிந்துதான் வந்தது. லேத்தில் இருக்கிறது, பையன் ஊருக்குப் போய்விட்டான், புதன்கிழமை வாருங்கள். எத்தனை புதன்கிழமை! ஆனாலும் வண்டியோடு ஒரு பொட்டலத்தையும் கொடுத்தார். சாக்குத் துணி சுற்றி, மேலே டேப் இறுக்கி ஒட்டியது. "அப்பா பிளாக் அண்ணா. பிரிக்காதீர்கள், காற்றுப் பட்டால் துரு ஏறிவிடும்." பிரிக்கவில்லை. பத்திரமாகப் பரணில் வைத்தேன். முட்டாள்.

ஓட்டிப் பார்த்தால் கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் சுவரில் இருக்கும் துளைகளைப் பிஸ்டனே ஏறி இறங்கித் திறந்து மூடுகிறது. எக்ஸாஸ்ட் துளையின் மேல் விளிம்பைத் தேய்த்து உயர்த்தினால் அது சீக்கிரமே திறந்துகொள்ளும். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது பலம் கூடும். மெதுவாகச் சுற்றும்போது இருந்த இழுவையும் போய்விடும். சிக்னலில் எனக்கு வேண்டியிருந்தது அந்த இழுவைதான். புதுப் போர்ட்டிங்கோடு கிளட்சை விட்டால் வண்டி இருமியது. தேனீக் கூட்டம்போல் இரைந்து, இன்ஜின் சுற்றும் வேகம் மேலே போன பிறகுதான் உதைத்துப் பாய்ந்தது. அதற்குள் ஸ்கூட்டர் பையன் அடுத்த தெருவில் இருந்தான். "ஓடி ஓடிப் பழகும் அண்ணா" என்றார் பட்டறைக்காரர்.

பழகியது பதினேழு நாள். போன ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி சாலையில் கிணத்துக்கடவு தாண்டும்போது, முழு ஆக்சிலரேட்டரில், பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததால் தப்பித்தேன். பின்னால் வந்த பஸ் ஓட்டுநர் ஒதுங்கிப் போனார். அவர் நன்றாக இருக்க வேண்டும். வண்டியைச் சின்ன யானையில் ஏற்றிவர 1,800 ரூபாய் தனி.

தொலைபேசியில் சொன்னேன். முதலில் "ஆயில் சரியாகக் கலந்திருக்க மாட்டீர்கள்". ஆயில் பம்பை எடுத்துவிட்டு, லிட்டருக்கு 20 மில்லி கலக்கச் சொன்னவர் அவரே. ஊசி போடும் சிரிஞ்சில் அளந்துதான் ஊற்றினேன். அடுத்து "பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், அதற்கு நான் என்ன செய்ய முடியும்?" எத்தனால் கலந்தால் கலவை மெலியும், அதாவது காற்றுக்கு ஏற்ற அளவு எரிபொருள் போகாது என்பது உண்மைதான். அப்படியானால் அதற்கு ஏற்ற மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைத் திருகு) போட வேண்டியது யார்? பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது, கலவை மெலிந்ததன் அடையாளம். படம் எடுத்து அனுப்பினேன். பார்த்ததற்கான நீல அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. நேரில் போனால் பையன் மட்டும் உட்கார்ந்திருந்தான். "அண்ணன் ரேஸுக்குப் போயிருக்கிறார்." உள்ளே அண்ணனின் செருப்பு கிடந்தது.

அதன் பிறகுதான் பெரியவரிடம் போனேன். பிஸ்டன் தலையில் இருந்த 1.00 என்பது ஸ்டாண்டர்டைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் என்று பொருள். வெர்னியர் வைத்தார், போர் 51. கடைசி அளவுவரை குடைந்து தீர்த்த பிளாக்கை 'ஸ்டாண்டர்டு' என்று சொல்லி 9,500 ரூபாய்க்கு என் தலையில் கட்டியிருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் துளையில் பெரியவர் என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். தேய்த்த விளிம்பு கத்தி போல் இருந்தது. விளிம்பைச் சரித்து மழுப்பாததால் ரிங் அதில் மாட்டி உடைந்திருக்கிறது.

சரி, அப்பாவின் பிளாக் இருக்கிறதே என்று வீட்டுக்கு ஓடிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தேன். கிரீஸைத் துடைத்ததும் தெரிந்துவிட்டது. 1999-இல் ரயில்வே கேட்டில் வண்டி சாய்ந்தபோது, பிளாக்கின் இடப்பக்கம் மூன்றாவது ஃபின்னின் (சூடு தணிக்கும் தகடு) முனை நெல்மணி அளவுக்குப் பெயர்ந்தது. அந்த நாட்களில் அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருப்பேன். பொட்டலத்தில் இருந்த பிளாக்கில் மூன்றாவது ஃபின் முழுதாக இருந்தது. உள்சுவர் முழுக்கக் கீறல்.

இரவு எட்டு மணிக்குப் பட்டறைக்காரர் எப்படியோ அழைப்பை எடுத்தார். "நீங்கள் கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுத்தேன். உங்களுடையது இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்றார். அண்ணா என்ற சொல்லைக் காணோம். என்னிடம் ஒரு படம்கூட இல்லை. 38,500 ரூபாயை எப்படியாவது சம்பாதித்துவிடுவேன், அந்த பிளாக்கை எங்கே போய்த் தேடுவேன்?

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. வண்டியை விடும் முன் பிளாக்கை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், போரை அளந்து எழுதி வாங்குங்கள். கட்டிக் கொடுக்கும் பொட்டலத்தை அங்கேயே பிரியுங்கள். காலண்டர் தாளில் கணக்கு வாங்காதீர்கள். சிக்னல் பிக்கப்தான் வேண்டுமென்றால் முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் குறைத்தாலே போதும், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும் என்கிறார் பெரியவர். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

திங்கட்கிழமை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லையாம். அந்தக் காலண்டர் தாள் செல்லுமா என்று கேட்க வேண்டும். அதற்குள் கோவை, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் யாராவது உங்களிடம் ரீபோர் செய்யாத ஆர்எக்ஸ் பிளாக் என்று விலை பேசினால், இடப்பக்கம் மூன்றாவது ஃபின்னைத் தடவிப் பாருங்கள். முனை பெயர்ந்திருந்தால் வாங்கிவிடாதீர்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.