குறுங்கோள்களுக்கு ஒரு பொதுப் பேரேடு: சிஎன்இஓஎஸ் இணையச் சேவை

பூமியை நோக்கி ஒரு குறுங்கோள் வருகிறது என்று செய்தி பரவும்போதெல்லாம் நான் முதலில் திறப்பது, நாசாவுக்காகக் கலிபோர்னியாவின் ஜேபிஎல் ஆய்வகம் நடத்தும் சிஎன்இஓஎஸ் (பூமிக்கு அருகே வரும் விண்பொருள்களை ஆராயும் மையம்) இணையதளத்தைத்தான். கட்டணம் இல்லாத இச்சேவையின் பெரிய பலம், தனக்கு எவ்வளவு தெரியாது என்பதையும் எண்ணாகவே எழுதி வைப்பது.

நெருங்கி வருபவற்றின் அட்டவணையில் நாள், வேகம், தூரம் ஆகியவற்றோடு, விட்டம் மட்டும் '110 முதல் 240 மீட்டர்' என்பதுபோல ஒரு வரம்பாக இருக்கும். தொலைநோக்கிக்குத் தெரிவது ஒளிப்புள்ளி மட்டுமே. கரிய பெரிய பாறையும் வெளிறிய சிறிய பாறையும் ஒரே அளவில் ஒளிரக்கூடும் என்பதால், இப்படி எழுதுவதே நேர்மை. இதில் பெரிய எண்ணை மட்டும் பிடுங்கித் தலைப்பாக்கும் ஊடகங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பூமியின் பாதையைக் கடக்கும் அப்பல்லோ, ஏட்டன் குறுங்கோள் வகைகளுக்கும், வெளியே நின்றுவிடும் அமோருக்கும், உள்ளேயே சுற்றும் அட்டிராவுக்கும் வரையறைகள் தனிப் பக்கத்தில் உள்ளன.

மோதல் வாய்ப்பைக் கணக்கிடும் 'சென்ட்ரி' பகுதியின் அருமையை நான் உணர்ந்தது 2025 பிப்ரவரியில். 2024 டிசம்பர் 27 அன்று சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்டறிந்த 2024 ஒய்ஆர்4 என்ற குறுங்கோள், 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதும் வாய்ப்பு பிப்ரவரி 18-இல் 3.1 விழுக்காடு வரை ஏறியது. மோதக்கூடிய பகுதிகளில் அரபிக்கடலும் தெற்காசியாவும் இருந்தன. புதிய அவதானிப்புகள் வர வர, அது கடந்து செல்லக்கூடிய இடத்தின் பரப்பு சுருங்குகிறது; சுருங்கிய பரப்புக்குள்ளும் பூமி இருக்கும்வரை விழுக்காடு ஏறும், பூமி வெளியே விழுந்ததும் சட்டென்று சரியும். அடுத்த ஒரு வாரத்துக்குள் அப்படியே சரிந்தது. மோதல் வாய்ப்புப் பட்டியலில் இருந்து முன்பு நீக்கப்பட்டவையும் மறைக்கப்படாமல் தனி ஏட்டில் இருக்கின்றன.

குறையென்றால், எல்லாம் ஆங்கிலத்தில்தான். புதியவருக்கு அட்டவணை மலைப்பூட்டும். மேலும், கண்டுபிடிக்கப்பட்டவை மட்டுமே இதில் இருக்க முடியும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்த, ஏறத்தாழ 20 மீட்டர் அகலமுள்ள பாறை சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால், அதை முன்கூட்டி எவரும் காணவில்லை. உடைந்த கண்ணாடிகளால் சுமார் 1,500 பேர் காயமுற்றனர்.

பழகிக்கொள்ள விரும்புவோர் 2029 ஏப்ரல் 13-ஐத் தேடிப் பார்க்கலாம். அபோஃபிஸ் என்ற குறுங்கோள் அன்று நிலவுத் தொலைவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 38,000 கிலோமீட்டர் தூரத்தில் கடக்கும் என்று அட்டவணை காட்டும்; செய்திகளில் வரும் 32,000 பூமியின் மேற்பரப்பிலிருந்து அளந்தது, இது பூமியின் மையத்திலிருந்து அளந்தது.